ஹே என்றால் வைக்கோல் அல்ல: ஆங்கிலத்தின் பண்ணைத் தொடர்களைப் பிடிக்கும் வழி

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். அமெரிக்காவில் இருந்த மூத்த சகா ஒருவர் ஓய்வு பெற்றார். ஆளுக்கொரு வரி வாழ்த்து எழுதச் சொல்லி மின்னஞ்சலில் ஓர் அட்டை சுற்றுக்கு வந்தது. நல்ல இடத்துக்குப் போகிறவர்களைப் பற்றி 'கிரீனர் பாஸ்சர்ஸ்' என்று சொல்வார்கள் என எங்கோ படித்திருந்தேன். அதில் பாதிதான் நினைவில் நின்றது. பாஸ்சர் என்றால் மேய்ச்சல் நிலம், அவ்வளவுதானே என்று, 'நீங்கள் பட் அவுட் டு பாஸ்சர் ஆவதில் மகிழ்ச்சி' என்ற பொருள்பட ஒரு வரியை எழுதி அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் டீம் லீடர் போன் செய்தார். "தம்பி, முதல்ல அதை அழி. அப்புறம் பேசலாம்."

வண்டி இழுக்க முடியாத அளவுக்குக் கிழடாகிப்போன குதிரையைப் புல்வெளியில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அதுதான் 'பட் அவுட் டு பாஸ்சர்'. மனிதரைப் பற்றிச் சொன்னால், இனி இவர் எதற்கும் ஆகமாட்டார் என்று ஓரங்கட்டிவிட்டார்கள் என்று பொருள். இரண்டு தொடரிலும் புல் இருக்கிறது. ஒன்றில் மாடு தானாகத் தேடிப் போகிறது. மற்றதில் குதிரையை வெளியே விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.

அந்த அவமானத்துக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதுகிறேன். ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வரும், ஆனால் பேச்சில் மாடும் கோழியும் வைக்கோலும் வந்து விழும்போது விழிக்கிறோம் என்பவர்களுக்கு இது. ஊரில் வயல், மாடு என்று வளர்ந்தவர்களுக்கு இன்னும் சுலபம். வேலை நமக்குத் தெரிந்ததுதான், பயிர்தான் வேறு.

முதல் படி: அர்த்தத்தைப் படிக்கும் முன் வேலையைப் பாருங்கள்

'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் 'வெயில் அடிக்கும்போதே வைக்கோலைக் காயவை' என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. நெல்லோ கோதுமையோ, கதிரடித்த பிறகு மிஞ்சும் தாள்தான் வைக்கோல். அதற்கு ஆங்கிலத்தில் ஸ்ட்ரா என்று பெயர். ஹே அது அல்ல.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் புல் வளராது, மாட்டை மேய்ச்சலுக்கு விட முடியாது. அந்த மாதங்களுக்குத் தீனி வேண்டும். அதனால் கோடையில் இடுப்பளவு வளர்ந்த புல்லை அறுத்து, வயலிலேயே பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்துப் போர் போடுவார்கள். காய்ந்தாலும் சத்து மிச்சமிருக்கும் அந்தப் புல்தான் ஹே. ஒழுங்காகக் காய இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். அந்த நாட்டில் தொடர்ந்து மூன்று நாள் வெயில் என்பது வரம். நடுவில் மழை பெய்தால் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும். ஈரத்தோடு போர் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அதைவிடக் கொடுமை, உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேறி, சில சமயம் போர் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். எனவே வெயில் தென்பட்டதும் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வயலில் இறங்குவார்கள். 1546-இல் அச்சான ஒரு பழமொழித் தொகுப்பிலேயே இந்தத் தொடர் இருக்கிறது.

இப்போது இதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. அவசரம் புரிந்துவிட்டது. மேலாளர் 'கிளையன்ட் நல்ல மூடில் இருக்கிறார், மேக் ஹே' என்றால், இன்றே கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்கு, நாளைக்கு மேகம் மூடலாம் என்கிறார்.

இன்னும் இரண்டைப் பாருங்கள். கீரைப்பாத்தியை ஒரு வாரம் மறந்தால் தண்டு முற்றிப் பூத்து விதை பிடித்துவிடும், சமைக்க உதவாது. அதுதான் 'கோ டு சீட்'. ஒரு காலத்தில் மிடுக்காக இருந்துவிட்டு இப்போது தொப்பையும் தாடியுமாகக் கிடக்கிறவரைப் பற்றியும், பராமரிப்பில்லாத ஹோட்டலைப் பற்றியும் சொல்வார்கள். 'ஹாரோயிங்' என்ற சொல்லைச் செய்தியில் அடிக்கடி கேட்பீர்கள்: ஹாரோயிங் எக்ஸ்பீரியன்ஸ். ஹாரோ என்பது உழுத வயலில் மண்கட்டியை உடைக்க இழுக்கும் பல் வைத்த பலுகு. அத்தனை பல்லும் நெஞ்சுக்கு மேலே போனால் எப்படி இருக்கும்? அந்த அனுபவம்தான்.

இரண்டாம் படி: நம் பழமொழியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். இதற்கும் ஹே தொடருக்கும் பொருள் ஒன்றுதான். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை, களத்தில் காற்றுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு வெயிலுக்குக் காத்திருப்பு. இப்படி ஜோடி சேர்த்தால் தொடர் மறக்காது.

சில ஜோடிகள் அச்சு அசலாகப் பொருந்தும். 'த கிராஸ் இஸ் ஆல்வேஸ் கிரீனர் ஆன் தி அதர் சைட்' என்பது இக்கரைக்கு அக்கரை பச்சை. நமக்கு நடுவில் ஆறு, அவர்களுக்கு வேலி. 'டோன்ட் லுக் எ கிஃப்ட் ஹார்ஸ் இன் த மவுத்' என்பது தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே. மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு விளக்கமே வேண்டாம். இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்ததா என்று வாயைத் திறந்து பார்த்துத்தான் விலை பேசுவோம். குதிரைக்கும் அதே கதை. வயதாக ஆக ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரியும். அதிலிருந்து வந்ததுதான் 'லாங் இன் த டூத்', அதாவது வயதாகிவிட்டது.

ஆனால் ஜோடி சேர்ப்பதில் ஒரு வம்பு இருக்கிறது. பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், பொருள் வேறு திசையில் போகும். என் மாணவர்கள் விழுந்த குழிகள் எல்லாமே இந்த வகைதான்.

கருப்பு ஆடு என்றால் நமக்கு என்ன தோன்றும்? துறைக்குள்ளேயே இருந்துகொண்டு தகவலை வெளியே விற்கிறவன், காட்டிக்கொடுப்பவன். ஆங்கிலத்தில் 'பிளாக் ஷீப்' பெரும்பாலும் குடும்பத்துக்குள் இருப்பவர். எல்லோரும் டாக்டர், இஞ்சினியர் என்று இருக்க, ஒருவர் மட்டும் சொன்ன பேச்சு கேட்காமல் தன் வழியே போனவர். கருப்பு ரோமத்தில் வேறு சாயம் ஏறாது, அதனால் மந்தையில் அதற்கு மதிப்புக் குறைவு. துரோகம் என்ற அர்த்தமே அதில் கிடையாது. ஒருவர் சிரித்துக்கொண்டே 'ஐ ஆம் த பிளாக் ஷீப் ஆஃப் த ஃபேமிலி' என்று தன்னைப் பற்றிச் சொன்னால் நீங்கள் பதறத் தேவையில்லை.

அடுத்தது பலிகடா. 'ஸ்கேப்கோட்' என்பதற்கு நாம் போடும் மொழிபெயர்ப்பு அது. பொருள் கிட்டத்தட்ட சரி: யாரோ செய்த தப்புக்கு இன்னொருவர் தலை உருள்வது. ஆனால் பைபிளின் லேவியராகமத்தில் இரண்டு ஆடுகள் வரும். ஒன்றைப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் மக்களின் பாவத்தையெல்லாம் சுமத்தி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். இந்த இரண்டாவது ஆட்டுக்குத்தான், 1530-இல் வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, ஸ்கேப்கோட் என்று பெயர் வைத்தார். ஸ்கேப் என்றால் தப்பித்தல். அதாவது நம் பலிகடா செத்துப்போகிறது, அவர்களுடையது உயிரோடு துரத்தப்படுகிறது. அலுவலகத்தில் ஆளை வேலையிலிருந்து அனுப்பும்போது ஆங்கிலச் சொல்தான் இன்னும் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும்.

'டில் த கவ்ஸ் கம் ஹோம்' இன்னொரு குழி. நம் ஊரில் மாடு வீடு திரும்புவது பொழுது சாயும் நேரம். ஆகவே 'சாயங்காலம் வரை' என்று எடுத்துக்கொள்வோம். தப்பு. அவிழ்த்து விட்ட மாடு ஆடி அசைந்து எப்போது வருமோ அப்போது வரும், அதுவரை என்றால் முடிவே இல்லாமல் என்று பொருள். 'யூ கேன் ஆர்க்யூ டில் த கவ்ஸ் கம் ஹோம்' என்றால், நீ எவ்வளவு நேரம் வாதாடினாலும் என் முடிவு மாறாது என்கிறார். கிளம்ப வேண்டிய நேரம் அது.

'டேக் த புல் பை த ஹார்ன்ஸ்' என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிக்கலை ஒதுக்காமல் நேருக்கு நேர் இறங்கிப் பார்ப்பது. ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்தவருக்கு இது உதைக்கும், ஏனென்றால் நம் வாடிவாசலில் திமிலைத்தான் அணைய வேண்டும், கொம்பில் கை வைக்கக் கூடாது. இருந்தாலும் ஆங்கிலத்தில் பேசும்போது கொம்புதான்.

மூன்றாம் படி: ஒரு கொட்டகையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்

அகர வரிசைப் பட்டியலை வைத்துக்கொண்டு நாளுக்குப் பத்து என்று உருப்போடுவது வீண். இடம் இடமாகப் படியுங்கள். கோழிக்கூட்டில் ஆரம்பிக்கலாம், அதில்தான் சரக்கு அதிகம்.

அடை வைத்தால் 21 நாள். பதினைந்து முட்டை வைத்தாலும் பதினைந்தும் பொரியாது, இரண்டு மூன்றாவது கூமுட்டையாகப் போகும். அதனால்தான் 'டோன்ட் கவுன்ட் யுவர் சிக்கன்ஸ் பிஃபோர் தே ஹேட்ச்'. கையெழுத்தாகாத ஒப்பந்தத்தை நம்பிச் செலவு செய்யாதே. கூமுட்டை என்று நாம் ஒருவரைத் திட்டுகிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் கெட்டுப்போன முட்டைக்கான 'ஆடில்ட்' என்ற சொல் குழம்பிப்போன மூளைக்கு ஆகியிருக்கிறது. இரண்டு ஊர்க்காரர்களும் கலக்கிப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சாயங்காலம் எங்கே மேய்ந்தாலும் கோழி கூட்டுக்கு வந்து சேரும். 'த சிக்கன்ஸ் ஹேவ் கம் ஹோம் டு ரூஸ்ட்' என்றால் செய்த வினை வீடு தேடி வந்துவிட்டது. ரூஸ்ட் என்பது கோழிகள் இரவில் ஏறி உட்காரும் கட்டை. அந்தக் கட்டையில் யார் சொல்வது நடக்கிறதோ அவர் 'ரூல்ஸ் த ரூஸ்ட்', வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

தீனி போட்டதும் கவனியுங்கள். முதலில் ஒரு கோழி கொத்தும், அது மற்ற எல்லாவற்றையும் கொத்தி விரட்டும். அடுத்தது தனக்குக் கீழே இருப்பதை மட்டும் விரட்டும். கடைசிக் கோழி எல்லோரிடமும் கொத்து வாங்கும். தோர்லைஃப் ஷெல்டெருப்-எபே என்ற நார்வே விலங்கியலாளர் கோழிகளைக் கூர்ந்து கவனித்து 1921-இல் இதை விவரித்து எழுதினார். ஜெர்மன் மொழியில் எழுதியது ஆங்கிலத்துக்கு வந்து 'பெக்கிங் ஆர்டர்' ஆனது. இன்று எந்த அலுவலகத்தில் யாருக்கு முதலில் டீ வருகிறது என்பதற்கும் அதே சொல்தான்.

'மேட் ஆஸ் எ வெட் ஹென்' என்று அமெரிக்கத் தெற்குப் பக்கத்தில் சொல்வார்கள், பயங்கரக் கோபம் என்பதற்கு. முட்டையிடாமல் அடையிலேயே கிடக்கும் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தெளியவைப்பது அங்கேயும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. முக்கி எடுத்த கோழியின் முகத்தைப் பார்த்தவர்கள் இந்தத் தொடரை மறக்க மாட்டார்கள்.

தலையில்லாக் கோழி மாதிரி ஓடுவது, 'லைக் எ ஹெட்லெஸ் சிக்கன்', என்றால் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் அலைவது. (இது வெறும் உவமை இல்லை. 1945-இல் கொலராடோ மாநிலத்தில் தலை வெட்டுப்பட்ட ஒரு சேவல் 18 மாதம் உயிரோடு இருந்தது. சொட்டு மருந்துக் குழாயால் கழுத்துக்குள் தீனி விட்டு வளர்த்தார்கள்.)

கோழி முடிந்ததும் ஆட்டுப் பட்டிக்குப் போங்கள். அங்கே 'வுல் கேதரிங்' எனக்குப் பிடித்தது. செம்மறிகள் உரசிப் போன வேலிமுள்ளில் ஒட்டியிருக்கும் ரோமத்தைப் பொறுக்கிக்கொண்டு இலக்கில்லாமல் நடப்பது. நினைவு எங்கோ போய் மெய்மறந்து உட்கார்ந்திருப்பவரைச் சொல்வது. 'டைட் இன் த வுல்' என்றால் ஊறிப்போனவர்: நூலாக்குவதற்கு முன்பே ரோமத்தில் ஏற்றிய சாயம் வெளுக்காது. ஒரு கட்சியின் பரம்பரைத் தொண்டருக்கு இது அப்படியே பொருந்தும்.

நான்காம் படி: அலுவலகத்தில் புழங்குவதற்கு முன்னுரிமை கொடுங்கள்

வேலைக்காகக் கற்கிறீர்கள் என்றால் இந்தச் சில தொடர்களே முக்கால்வாசிக் கூட்டங்களைக் கடத்திவிடும்.

'லோ ஹேங்கிங் ஃப்ரூட்': ஏணி இல்லாமல் கை எட்டும் பழம். முதலில் சுலபமான வேலையை முடி என்று பொருள். 'செரி பிக்': கூடையில் நல்ல பழமாகப் பொறுக்குவது. இதில் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. நீங்கள் காட்டிய எண்களை யாராவது செரி பிக்டு என்றால், உங்களுக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்காட்டுகிறீர்கள் என்கிறார். பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிடாதீர்கள்.

'ப்ளவ் பேக்' என்பது லாபத்தைத் தொழிலிலேயே திரும்பப் போடுவது. தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவோமே, அதேதான். 'கேஷ் கவ்' என்றால் பெரிதாகச் செலவு வைக்காமல் பணம் கறக்கும் தொழில். பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் 1970-இல் வெளியிட்ட ஒரு கட்ட அட்டவணையால் இது பரவியது. தீவனச் செலவில்லாமல் பால் கறக்கும் மாடு என்று பெயர் வைத்தவர்கள் நிச்சயம் மாடு வளர்த்தவர்களாக இருக்க முடியாது.

'பெல்வெதர்' என்று பங்குச் சந்தைச் செய்திகளில் வரும். வெதர் என்றால் காயடித்த கிடா. அதன் கழுத்தில் மணி கட்டி முன்னால் விட்டால் மந்தை பின்னால் போகும். எந்தப் பங்கைப் பார்த்துச் சந்தையின் போக்கைச் சொல்லலாமோ அது பெல்வெதர் பங்கு. வானிலைக்கான வெதர் அல்ல இது, எழுத்தும் வேறு. படித்தவர்களே தப்பாக எழுதுகிறார்கள்.

எழுத்து என்றதும் இன்னும் இரண்டு நினைவுக்கு வருகின்றன. 'ஃப்ரீ ரெய்ன்' கொடுப்பது என்றால் கடிவாள வாரைத் தளர்த்தி விடுவது. ஆட்சி என்று பொருள்படும் ரெய்னை எழுதக் கூடாது, மழையையும்தான். 'எ ஹார்ட் ரோ டு ஹோ' என்பது களைக்கொட்டால் கொத்த வேண்டிய கடினமான பயிர் வரிசை. பலர் ரோ என்பதை ரோடு ஆக்கிவிடுகிறார்கள். தார்ச்சாலையை யார் களை கொத்துவார்?

ஐந்தாம் படி: கண்ணிவெடிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

எங்கள் மாமா சேர்த்து வைத்த பணத்தில் ஒரு பண்ணை வாங்கினார் என்று அமெரிக்கரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஹி பாட் த ஃபார்ம்' என்று சொன்னால் அவர் முகம் மாறும், ஆழ்ந்த அனுதாபங்கள் என்பார். அந்தத் தொடருக்குச் செத்துப்போனார் என்று பொருள். 'த' என்பதை 'எ' ஆக்கி, 'ஹி பாட் எ ஃபார்ம்' என்றால் மாமா பிழைத்துக்கொள்வார்.

'ஃபார்ம் அவுட்' என்பதில் வயலே இல்லை. வேலையை வெளியாளிடம் ஒப்படைப்பது அது. ஃபார்ம் என்ற சொல்லுக்கே முதலில் நிர்ணயித்த குத்தகைத் தொகை என்றுதான் பொருள். குத்தகை நிலத்துக்கு ஆகி, பிறகுதான் பண்ணைக்கு ஆனது. வரி வசூலைக் குத்தகைக்கு விட்டதையும் ஆங்கிலத்தில் ஃபார்மிங் என்றே எழுதியிருப்பார்கள், வரலாறு படிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.

ஆளின் வயதை, குடும்பத்தைத் தொடும் தொடர்களைப் புரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வாயில் வர வேண்டாம். லாங் இன் த டூத், 'நோ ஸ்பிரிங் சிக்கன்' (இளவயது தாண்டியவர்), 'ஹென்பெக்ட்' (மனைவிக்கு அடங்கிப்போனவர்), அப்புறம் என் பழைய நண்பர் பட் அவுட் டு பாஸ்சர். 'சேக்ரட் கவ்' என்பது யாரும் விமர்சிக்கத் துணியாத விஷயத்துக்கு ஆகும் சொல். பசுவை வணங்குகிறவர்களைப் பார்த்து உருவானது. இந்தியர்கள் நிறைந்த கூட்டத்தில் இதைத் தவிர்ப்பது நல்லது.

ஆறாம் படி: பாதி சொன்னாலும் பிடியுங்கள், நீங்கள் சொன்னால் மாற்றாமல் சொல்லுங்கள்

ஆடத் தெரியாதவள் கதையை நாம் முழுசாகவா சொல்கிறோம்? 'கூடம் கோணல்' என்று நிறுத்திக்கொள்வோம். அவர்களும் அப்படித்தான். 'வெல், த கிராஸ் இஸ் ஆல்வேஸ் கிரீனர்' என்று விட்டுவிடுவார்கள். 'டோன்ட் கவுன்ட் யுவர் சிக்கன்ஸ்' என்பதோடு முடித்துவிடுவார்கள். 'தட்ஸ் த லாஸ்ட் ஸ்ட்ரா' என்பதும் துண்டுதான்: ஒட்டகத்தின் முதுகு தாங்காமல் ஒடியக் காரணமான கடைசி ஒற்றை வைக்கோல். பொறுமை போய்விட்டது என்று அர்த்தம்.

கேட்கும்போது இவ்வளவு தாராளம், சொல்லும்போது கிடையாது. குதிரைக்குப் பதில் மாடு, ஹேவுக்குப் பதில் ஸ்ட்ரா என்று மாற்றினால் வேடிக்கையாகிவிடும். புதிய தொடர் ஒன்றை மூன்று பேர் வாயிலிருந்தாவது கேட்ட பிறகே நான் பயன்படுத்துவேன். யார், யாரிடம், என்ன குரலில் சொன்னார் என்று நோட்டில் ஒரு வரி. அகராதியில் 'பழைய வழக்கு' என்ற குறிப்பு இருந்தால் அதை விட்டுவிடுவேன். ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்கள் பேச்சுத் தேர்வில் ஒன்றிரண்டு இயல்பாக வந்தால் மதிப்பெண்ணுக்கு உதவும். கட்டுரைத் தாளில் வேண்டாம்.

எதுவும் புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கள் குழுவில் ஓர் ஆங்கிலேயர் இருந்தார், பால் பண்ணையில் வளர்ந்தவர். மாடு தானாகவே வீடு திரும்புமா என்று ஒருநாள் கேட்டேன். கூட்டத்தை மறந்துவிட்டார். கறவை நேரமானால் மடி கனத்துக் கேட் அருகே வந்து நிற்கும், சில மாடு மட்டும் வேண்டுமென்றே கடைசியில் வரும் என்று பேர் சொல்லிச் சொன்னார். பிறகு, மேக் ஹே என்பதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொல்லி, தூற்றுவதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று யோசித்தேன். சொல் வரவில்லை. மேசையில் கிடந்த ஃபைலை முறமாகப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, கேமராவுக்கு முன்னால் மெதுவாகச் சரித்துக் காட்டினேன். பதர் எந்தப் பக்கம் பறக்கும் என்று கேட்டார்.